விடிந்ததும் வேஷக்காரரைப் பார்க்கப் போகிறீர்களா? கூத்து ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து ஊர்களில் இரவு 10 மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை கூத்து நடக்கும். அதைப் பார்க்க இப்போது வெளியூரிலிருந்தும் நிறையப் பேர் வருகிறார்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பார்த்தவருக்கு, கர்ணன் வேஷம் கட்டியவரை நேரில் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமே என்று தோன்றத்தான் செய்யும். அப்படிப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

கூத்து முடிந்ததும் கலைஞர்களைப் போய்ப் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். வேஷம் கட்டும் இடம், கூத்து ஆடும் இடமான களரிக்குப் பின்னாலேயே இருக்கும். பள்ளிக்கூடத் தாழ்வாரமோ, கோயில் மண்டபமோ, நான்கு கழி நட்டுக் கட்டிய ஓலைக் கொட்டகையோ, எதுவானாலும் அதற்குக் கதவும் கிடையாது, காவலும் கிடையாது. யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள். சங்கடமே அதில்தான் இருக்கிறது. தடுக்க ஆளில்லாததால் 30 பேர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். உடை மாற்ற இடமில்லாமல் கலைஞர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டியிருக்கிறது. எனவே வரம்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். செருப்பை வெளியே விடுங்கள். கொட்டகை ஓரத்திலேயே நில்லுங்கள். உள்ளிருந்து யாராவது "வாங்க" என்று சொன்ன பிறகு போங்கள்.

முடிந்து எவ்வளவு நேரம் கழித்துப் போவது நல்லது?

அரை மணி நேரம். கட்டை வேஷம், அதாவது மர அணிகலன்கள் பூட்டிய வேஷம் கட்டியவர் என்றால் முக்கால் மணி நேரம்கூட ஆகும். காரணம் தெரிந்தால் காத்திருப்பது கஷ்டமாக இருக்காது.

கிரீடம், தோளில் அணியும் புஜக்கீர்த்தி, மார்புப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டியவை. மரம் லேசானதுதான். ஆனால் சுழன்று ஆடும்போது நழுவாமல் இருக்க வேண்டுமே! அதற்காக ஒவ்வொன்றையும் கயிறு போட்டு உடம்போடு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். பல மணி நேர வியர்வையில் அந்த முடிச்சுகள் ஊறி இன்னும் இறுகிப்போகும். கட்டியவரால் தானே அவிழ்த்துக்கொள்ள முடியாது. பின்னால் ஒருவர் நின்று நகத்தால் நெம்பி, சில சமயம் பல்லால் கடித்து இழுத்துத்தான் பிரிப்பார். பெரும்பாலும் முதலில் இறங்குவது கிரீடம். அது இறங்கியதும் நெற்றியில் கயிறு பதிந்த தடம் சிவப்பாகத் தெரியும். வேஷக்காரர் கண்ணை மூடி அந்த இடத்தை இரண்டு விரலால் தேய்த்துக்கொண்டே சில நிமிஷம் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் யாரும் குறுக்கே பேசக் கூடாது.

பிறகு முகம். தண்ணீரால் இந்தப் பூச்சு போகாது. தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி முகம் முழுக்கத் தேய்ப்பார்கள். சிவப்பும் வெள்ளையும் கருப்பும் ஒன்றாகக் குழைந்து வரும். பழைய துணியால் துடைத்து, மறுபடி எண்ணெய் போட்டு, மறுபடி துடைத்து, கடைசியில்தான் சோப்பு. கண்ணோரம் மை இறங்கி எரிச்சல் எடுக்கும். எண்ணெய் வழியும் முகத்தோடு இருப்பவரிடம் கை குலுக்கப் போனால் அவருக்கும் கூச்சம், உங்கள் சட்டைக்கும் கேடு.

முகம் கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டீ டம்ளரைக் கையில் எடுத்துவிட்டாரா? அதுதான் நீங்கள் போக வேண்டிய நேரம்.

வேஷத்தோடு படம் எடுக்க வேண்டும். கலைத்த பிறகு என்ன பயன்?

நியாயமான ஆசைதான். வேஷத்தோடு படம் வேண்டும் என்றால் கூத்து முடியும்வரை காத்திருக்காதீர்கள். இரவே குழுவை நடத்தும் வாத்தியாரிடம் சொல்லிவையுங்கள்: "வேஷம் கட்டி முடிச்சதும், களரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்துக்கலாமா?" பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அப்போது பூச்சு புதிதாக இருக்கும், கலைஞருக்கும் களைப்பிருக்காது. இரண்டு மூன்று படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திரை பிடிக்க ஆள் எழுந்துவிட்டால் உடனே விலகிவிடுங்கள். திரைக்குப் பின்னால் நின்று விருத்தப் பாட்டு எடுப்பதற்கு முன் வேஷக்காரர் மனத்தை ஒருமுகப்படுத்தும் நேரம் அது.

பாதி முகம் எழுதிய நிலையிலோ, வெற்றுடம்போடு கயிறு அவிழ்க்கும்போதோ கேட்காமல் எடுக்காதீர்கள். அந்தப் படங்கள் கலையழகோடு இருக்கும் என்பது உண்மை. ஆனால் அது அவருடைய உடம்பு. அவர் சரி என்று சொல்ல வேண்டும். ஃபிளாஷ் எந்த நேரத்திலும் வேண்டாம். குண்டு பல்பு வெளிச்சத்தில் கண்ணுக்கு மை எழுதுபவரின் கை, ஃபிளாஷ் அடித்தால் தடுமாறும்.

எடுத்த படத்தையும் வீடியோவையும் போடலாமா?

படம் போடுவதற்கு முன் மூன்று விவரம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: கலைஞர் பெயர், ஜமாவின் (கூத்துக் குழுவின்) பெயர், ஊர். "கிராமத்துக் கூத்துக் கலைஞர்" என்று மட்டும் போட்டால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. ஜமாவின் பெயர் இருந்தால் அதைப் பார்த்து இன்னோர் ஊர்க்காரர் கூப்பிட வழியுண்டு. முழு இரவையும் பதிந்து போடுவது வேறு விஷயம். அதற்கு வாத்தியாரின் அனுமதி கட்டாயம். பணம் வரும் இடத்தில் போடுவதானால் பங்கு பற்றியும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

"அனுப்பறேன்ணே" என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் விடுவதுதான் கலைஞர்கள் அதிகம் குறைப்பட்டுக்கொள்வது. அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மூத்த கலைஞருக்கு ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டு அடுத்த கூத்தில் கையில் கொடுத்தால் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

அவர்களை எப்படிக் கூப்பிடுவது?

ஜமாவை நடத்துபவர், பாடம் சொல்லிக்கொடுப்பவர் "வாத்தியார்". மற்றவர்களை வயதுக்குத் தகுந்தபடி ஐயா, அண்ணே, தம்பி என்று அழைக்கலாம். பெயர் தெரியாவிட்டால் "துரியோதனன் கட்டினவங்களைப் பார்க்கணும்" என்று கேளுங்கள். "துரியோதனன் எங்கப்பா?" என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

"கூத்தாடி" என்ற சொல்லை வாயில் எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு காலத்தில் தொழிலைக் குறித்த சொல், இன்று வசைச் சொல்லாகிவிட்டது. மேடையில் ஏறிப் பாராட்டுகிறவர்கள்கூட நல்லெண்ணத்தில் அதைச் சொல்லிவிட்டு, எதிரே முகங்கள் ஏன் சுருங்கின என்று தெரியாமல் நிற்கிறார்கள். "கூத்துக் கலைஞர்" என்றால் போதும்.

தெருக்கூத்தா, கட்டைக்கூத்தா என்பதிலும் கவனம் வேண்டும். செய்யாறு பக்கம் புரிசையில் தெருக்கூத்து என்றே சொல்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில், 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தைச் சார்ந்தவர்கள், கட்டை அணிகலன்களை வைத்து வந்த பெயரையே விரும்புகிறார்கள். அந்த ஜமா தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறதோ அப்படியே நீங்களும் சொல்லுங்கள். எது சரி என்று விடியற்காலையில் அவர்களிடம் வாதம் செய்ய வேண்டாம்.

என்ன பேசலாம்? "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்ல ஒரு மாதிரி இருக்கிறது.

குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள். எந்த விருத்தம், எந்த இடத்தில் குரல் ஏறியது, எந்தக் கிறுக்கி பிரமாதம் என்று சொன்னால் அவர் முகமே மாறும். கிறுக்கி என்பது சுழன்று ஆடும் அடவு. கர்ணன் கட்டியவரிடம் "மனைவி பொன்னுருவிகிட்ட விடை வாங்கற இடத்துல குரலை இறக்கிப் பாடினீங்களே" என்ற ஒரு வரி, பத்து நிமிஷப் புகழுரைக்குச் சமம். விவரம் தெரியாதவர் தெரிந்ததுபோல் பேச வேண்டியதில்லை. "எனக்கு இதுதான் முதல் கூத்து. திரைக்குப் பின்னால சலங்கை சத்தம் கேட்டதுமே எழுந்து உட்கார்ந்துட்டேன்" என்று உள்ளபடி சொல்லலாம்.

"சினிமாவுல நடிக்கலாமே", "ராத்திரிக்கு எவ்வளவு கிடைக்கும்?", "அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடுங்க, ரெக்கார்ட் பண்ணிக்கறேன்" ஆகிய மூன்றும் வேண்டாம். மூன்றாவது ரொம்பக் கெடுதல். எட்டு மணி நேரம் உச்சக் குரலில் பாடியும் பேசியும் தொண்டை புண்ணாகியிருக்கும். சீசனில் அன்றிரவே வேறோர் ஊரில் கூத்து இருக்கும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேச வைக்காதீர்கள்.

பணம் கொடுக்க விரும்புகிறேன். எப்போது, எப்படி?

இரண்டு வழி உண்டு. முதல் வழி, கூத்து நடக்கும்போதே கொடுப்பது. யார் கொடுத்தார்கள், யாருக்கு, எவ்வளவு என்று, கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் களரியில் சொல்லிவிடுவார். உங்கள் பெயர், ஊர், எந்த வேஷத்துக்கு என்பதைச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி, பணத்தோடு கட்டியக்காரனிடமோ ஆர்மோனியம் வாசிப்பவரிடமோ கொடுங்கள். எழுத்து தெளிவாக இல்லாமல் பெயரைத் தப்பாகப் படித்துவிட்டால், கொடுத்தவர் எழுந்து திருத்துவார், காட்சி அறுந்துபோகும். துகிலுரியும் கட்டம், கர்ணன் உயிர் விடும் கட்டம் போன்ற இடங்களில் கொடுக்கவே வேண்டாம். புதிய வேஷம் வருவதற்கு முந்தைய இடைவெளியில் கொடுங்கள்.

ரூபாய் நோட்டை உடையில் ஊக்கால் குத்துவது பல ஊர்களில் வழக்கம். அவசரத்தில் குத்தும்போது ஊசி தோலில் ஏறிவிடுகிறது, துணியும் கிழிகிறது. ஊர்க்காரர்கள் செய்வதைத் தடுக்க நாம் யார்? ஆனால் வெளியிலிருந்து வரும் ரசிகர் கையில் கொடுத்துவிடுவதே நல்லது.

இரண்டாவது வழி, முடிந்த பிறகு தனியாகக் கொடுப்பது. வெற்றிலை பாக்கோடு, அல்லது ஒரு கவரில், 101, 201, 501 என்று ஒன்றைச் சேர்த்து வையுங்கள். அன்பளிப்பு கலைஞருக்கே போகுமா, ஜமாவின் பொதுப் பணத்தில் சேருமா என்பது ஜமாவுக்கு ஜமா வேறுபடும். வாத்தியாரிடம் "இது அவங்களுக்குன்னு கொடுக்கலாங்களா?" என்று முதலில் கேட்டுவிட்டால் பின்னால் உள்ளே மனஸ்தாபம் வராது. போனில் அனுப்புவதானால் எண்ணை நாலு பேர் நடுவில் உரக்கக் கேட்காதீர்கள். பல மூத்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. பேரன் எண்ணுக்குப் போன பணம் கைக்கு வரும் என்று நம்ப வேண்டாம், ரொக்கமாகவே கொடுங்கள்.

பொன்னாடை, மாலை?

வேஷத்தின் மேல் போடாதீர்கள். சரிகை நூல் கண்ணாடிச் சில்லின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் சில்லு பெயரும். அப்படிப் பெயர்ந்ததைத் திரும்ப ஒட்டக் கலைஞர் ஒரு பகல் தூக்கத்தை இழக்க வேண்டும். வேஷம் கலைத்த பிறகு போர்த்துங்கள், இல்லையென்றால் கையில் கொடுங்கள். துண்டு, நல்ல தேங்காய் எண்ணெய், சுக்கு, பனங்கற்கண்டு இவையெல்லாம் பொன்னாடையைவிட நாள்பட உதவும்.

சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா?

சூடான டீ, சுக்குக் காப்பி, இட்லி. 15 பேர் அளவுக்கு ஜமா இருந்தால் 15 பேருக்கும் வாங்குங்கள். ராஜ வேஷத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போய் நிற்பது அழகில்லை. குளிர்ந்த பானம் தொண்டைக்கு ஆகாது. பாரதம் நடக்கும் திரௌபதி அம்மன் திருவிழாவில் காப்பு கட்டி விரதம் இருப்பவர்கள் உண்டு, அசைவம் வேண்டாம். மது பாட்டில் எக்காரணத்துக்கும் வேண்டாம். "அன்பாக் கொடுத்தேன்" என்று சொல்லி ஊற்றிக் கொடுத்தவர்களால் மறுநாள் கூத்து கெட்டிருக்கிறது, குடும்பங்களும் கெட்டிருக்கின்றன.

பெண் வேஷம் கட்டியவரிடம் எப்படி நடந்துகொள்வது?

மற்றவரிடம் நடந்துகொள்வதுபோலத்தான். திரௌபதியும் பொன்னுருவியும் பெரும்பாலும் ஆண்கள் கட்டும் வேஷங்கள். புடவையில் இருக்கிறார் என்பதற்காகத் தோளில் கைபோடுவது, இடுப்பைப் பிடித்துப் படம் எடுப்பது, கன்னத்தைக் கிள்ளுவது எல்லாம் அத்துமீறல். இளம் கலைஞர்கள் இதற்குப் பயந்தே கூத்து முடிந்ததும் ஒளிந்துகொள்கிறார்கள். யாராவது இப்படிச் செய்வதைப் பார்த்தால் வாத்தியாரையோ விழாக் குழுவினரையோ உடனே கூப்பிடுங்கள். அவருடைய சொந்த வாழ்க்கை பற்றிய கேள்விகளும் வேண்டாம்.

இப்போது பெண்களும் ஆடுகிறார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் முறையாகப் பயின்றார்கள். பெண் கலைஞர்கள் உடை மாற்றும் இடத்துக்குப் பக்கத்தில்கூட ஆண் ரசிகர்கள் போகாதீர்கள். வெளியே வந்த பிறகு பேசுங்கள்.

அர்ச்சுனன் தபசு அன்று மரத்திலிருந்து இறங்கியவரை உடனே பார்க்கலாமா?

அன்று நீங்கள் வரிசையில் கடைசி. அர்ச்சுனன் தவம் செய்யும் கதை அது. அர்ச்சுனன் கட்டியவர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலே பூசை செய்து, விபூதியும் வில்வமும் எலுமிச்சம்பழமும் எறிவார். குழந்தை வரம் வேண்டி வந்த பெண்கள் ஈரப் புடவையோடு கீழே காத்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த நேரத்தில் அவர் நடிகர் அல்ல. இறங்கியதும் அவர் காலில் விழுவார்கள், விபூதி கேட்பார்கள். அந்த வட்டத்துக்குள் கேமராவோடு நுழையாதீர்கள். விழும் எலுமிச்சம்பழத்தை நினைவுப்பொருளாக எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. அது வேண்டிக்கொண்டு வந்தவர்களுக்கு உரியது.

சூதாட்டமும் துகிலுரிதலும் வரும் பகடைத் துகில் போன்ற இரவுகளில் சில ஊர்களில் வேஷக்காரருக்கு அருள் வருவதும், மயங்கி விழுவதும் உண்டு. கூட இருப்பவர்கள் பிடித்துக்கொண்டு, விபூதி இட்டு, கற்பூரம் காட்டித் தெளிவிப்பார்கள். அவர்களுக்குக் காற்றும் இடமும் விடுங்கள். அன்றைக்குப் பேச வேண்டாம், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

துக்க வீட்டில் நடக்கும் கர்ண மோட்சத்துக்குப் போகலாமா?

இறந்தவர் நற்கதி அடைய வேண்டிக் கருமகாரியத்தை ஒட்டிக் கர்ண மோட்சம் வைக்கும் வழக்கம் வட மாவட்டங்களில் இருக்கிறது. கூத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விடிந்ததும் முதலில் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிறகு கலைஞர்களிடம் போங்கள். கைதட்டிச் சிரித்துச் செல்ஃபி எடுக்கும் இடம் அல்ல. குடும்பத்தார் அழும் காட்சி உங்கள் வீடியோவில் இருந்தால் அழித்துவிடுங்கள்.

கிரீடத்தை ஒரு தடவை தலையில் வைத்துப் பார்க்கலாமா?

கூடாது. கேட்கவும் கேட்காதீர்கள். கூத்து தொடங்கும் முன் பூசையில் வைத்துக் கும்பிடும் பொருள் அது. கீழே வைத்திருந்தால் தாண்டிப் போகாதீர்கள், சுற்றிப் போங்கள். குழந்தை ஆசைப்பட்டால் கலைஞரே கூப்பிட்டுத் தொடவிடுவார்.

கட்டியக்காரன் என்னைக் கூட்டத்தில் கிண்டல் செய்துவிட்டார். பார்த்துக் கேட்கலாமா?

பதிலுக்குக் கிண்டல் செய்வதும் சண்டைக்குப் போவதும் வேண்டாம். தூங்கி வழியும் கூட்டத்தை எழுப்புவது அவர் வேலை. மனம் நொந்திருந்தால் வாத்தியாரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் கூத்து வைக்க வேண்டும். அங்கேயே பேசி முடித்துவிடலாமா?

எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். விலை பேசும் நேரம் அது அல்ல. நடிகரிடம் தனியாகப் பேசாமல் வாத்தியாரிடம் பேசுங்கள். காலையில் போன் செய்யாதீர்கள், தூங்குவார்கள். மாலை 4 மணிக்கு மேல் கூப்பிடலாம். தேதி, எந்தக் கதை, முழு இரவா இரண்டு மணி நேரமா, இடம், ஒலிபெருக்கி யார் பொறுப்பு, வண்டி, சாப்பாடு இத்தனையும் தெளிவாகச் சொல்லுங்கள். பேசி முடித்தால் வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்துத் தேதியை உறுதி செய்வது வழக்கம். பங்குனி முதல் ஆடி வரை தேதி கிடைப்பது அரிது.

சென்னை அரங்கில் நடக்கும்போதும் இதே முறைதானா?

ஏறத்தாழ. அரங்கு மூடும் நேரத்தால் அவர்களுக்கு இன்னும் அவசரம் இருக்கும். வாசலில் வண்டி ஏற்றும் இடத்தில் நின்று பாருங்கள், வண்டிக்கு வழியை மறிக்காதீர்கள்.

வேஷக்காரர் வரும்வரை அரை மணி நேரம் என்ன செய்வது?

வாத்தியக்காரர்களிடம் போங்கள். மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், முகவீணை வாசித்தவர்களும் பின்பாட்டுக்காரர்களும் ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். ரசிகர்கள் அவர்களைக் கடந்து நேராகக் கொட்டகைக்குத்தான் ஓடுகிறார்கள். முகவீணை வாசிப்பவர்கள் குறைந்துவிட்ட காலம் இது. அந்தச் சின்னக் குழலுக்கு, வாயில் வைத்து ஊதும் சீவாளியை எப்படிச் செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகக் காட்டுவார். ஆனால் பத்து நிமிஷத்தில் உறை போட்டுக் கட்டிவிடுவார்கள். மங்களம் முடிந்த கையோடு போனால்தான் பிடிக்கலாம்.